விளக்கு வைக்கும் நேரத்தில் போகும் லைன்

என் வீட்டு மனிதருக்குப் பெயர் தில்லைநாதன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அந்தப் பெயரை யாரும் சொல்லுவதில்லை. "அந்தரத்தார்" என்றுதான் சொல்லுவார்கள். முகத்துக்கு முன்னால் அல்ல, முதுகுக்குப் பின்னால். எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேசமலர் என்கிற எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும். ஆனால் நான் கோபிப்பதில்லை. பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.

இருப்புக்கொள்ளாத அவசரத்தைத்தான் அந்தரம் என்கிறோம்; இவருடையது லேசுப்பட்ட அந்தரமல்ல. எங்கள் கலியாணத்தன்று மணவறையில் இருந்த மாப்பிள்ளை, மைக் கீச்சிடுகிறது என்று எழும்பிப் போய் வயரைப் பிடித்துப் பார்த்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது, குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். காலி வீதியில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டால் இறங்கி நடப்பார். கொஞ்ச நேரத்தில் அதே பஸ் அவரைக் கடந்து போகும். பேப்பரை நின்றுகொண்டுதான் வாசிப்பார். சினிமாவுக்குப் போனால் கடைசிச் சண்டை தொடங்கும்போதே செருப்பைத் தேடுவார். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாத படங்கள் எத்தனையோ.

கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நட்டஈட்டுப் பிரிவில் அவருக்கு வேலை. அங்கே அந்த அந்தரத்துக்கு மதிப்பு இருந்தது. பேலியகொடையில் மீன் லொறி பிரண்டால் பொலிசுக்கு முன்னம் இவர் போய் நிற்பார். கடை எரிந்தால் புகை அடங்குவதற்கிடையில் படம் எடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, வாகனத்திலும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு காலமும் கொழும்பு முழுவதும் பங்குபோட்டுத் தாங்கிய அந்தரம் ஒரே நாளில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குள் வந்து இறங்கியது. நான் எங்கே போவது?

முதலில் குசினியைப் பிடித்தார். மிளகாய்த்தூள் போத்தலை உயரத் தட்டில் வைத்தார். உப்பை என் கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒழுங்குபடுத்தினார். நான் அகப்பையைத் தூக்கியதும் விட்டுவிட்டார். பிறகு சாமித்தட்டைப் பிடித்தார். அதை நான் விட்டுக்கொடுத்தேன். மனிதருக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும்தானே. அன்றிலிருந்து பின்னேரத்தில் விளக்கு வைப்பது அவருடைய பொறுப்பு. குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, முன்கதவை அகலத் திறந்துவிட்டு, பின்கதவைச் சாத்திக் கொண்டி போட்டு, அதற்குப் பிறகுதான் திரியைத் தொடுவார். முன்னால் வருகிற இலட்சுமி பின்னால் போய்விடக் கூடாதல்லவா. எங்கள் சனம் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் இவர் செய்தால் அதுவும் ஒரு கம்பனிக் கந்தோர் வேலை மாதிரி இருக்கும். பதிகம் பாடி முடித்து அவர் கதவைத் திறக்கும்வரை நான் தாளிக்கவும் கூடாது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சாருஜா. லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை செய்கிறாள். நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிடும்போது அவளுக்குக் காலை. நாங்கள் விளக்கு வைக்கும்போது அங்கே மத்தியானம். அந்த நேரத்தில்தான் அவர்களுடைய கூட்டம். எல்லாரும் கொம்பியூட்டரில் முகம் காட்டி, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். வேலை புதிது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. பிள்ளை ஒவ்வொரு நாளும் சோதனைக்குப் போகிற முகத்தோடுதான் அறைக்குள் போவாள்.

அந்தக் கூட்டம் தொடங்கும் நேரம் பார்த்து எங்கள் இன்டர்நெட் செத்துப்போகும்.

புது ஃபைபர் லைன். கம்பனியிலிருந்து றெஜி என்ற பொடியன் வந்து போட்டுத் தந்தான். சுவரைத் துளைத்துத்தான் வயரை உள்ளே எடுக்க வேண்டும் என்று அவன் சொல்ல, இவர் குறுக்கே நின்றார். "தம்பி, இப்பத்தான் பெயின்ற் அடிச்ச சுவர். உந்த நூல் மாதிரி வயருக்கு ஓட்டை ஏன்? பின்கதவு நிலையோட கொண்டு வாரும்." றெஜி தலையைச் சொறிந்தான். பிறகு பல்கனிக் கம்பி வழியாக எடுத்து, குசினிப் பின்கதவின் நிலையோடு ஒட்டி, உள்ளே கொண்டுவந்து ஹோலில் ரவுட்டரைப் பூட்டினான். எல்லாம் பச்சை லைற். இவர் அவனுக்குத் தேத்தண்ணி குடிக்கக்கூட நேரம் கொடுக்காமல் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டு அனுப்பினார்.

அந்தக் கிழமையே தொடங்கியது கூத்து. இவர் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று முதல் பாட்டை எடுத்திருப்பார். உள்ளேயிருந்து சாருஜா கத்துவாள்.

"அப்பா! லைன் போயிட்டுது!"

தேவாரம் பாதியில் நிற்கும். இவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஹோலுக்கு ஓடுவார். ரவுட்டரில் சின்னச் சிவப்பு லைற் ஒன்று மினுங்கிக்கொண்டிருக்கும். ஓஃப் பண்ணுவார், ஓன் பண்ணுவார். வயரைக் கழற்றுவார், ஊதுவார், திரும்பக் கொழுவுவார். பிறகு கம்பனிக்கு அடிப்பார். தமிழில் கதைக்க ஆள் வரும்வரை காத்திருக்க இவருக்குப் பொறுமை ஏது? சிங்களத்துக்கு அமத்துவார். அங்கே ஒரு பிள்ளை தேன் குரலில் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லும். "ஏய் நங்கி, ஏக்க மம கெருவா!" என்று இவர் கத்துவார், அதை நான் செய்துவிட்டேன் தங்கச்சி என்று. கடைசியில் சலித்துப்போய், நேரமாகிவிட்டதே என்று பின்கதவைத் திறந்துவிட்டு வந்து இன்னொரு தடவை ஓன் பண்ணுவார். லைன் வந்துவிடும்.

"பாத்தீரே? என்ர கை பட்டாத்தான் வேலை செய்யுது!"

கை பட்டதாம். அதற்குள் அங்கே லண்டனில் கூட்டம் முடிந்திருக்கும். சாருஜா அறைக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். போன் டேட்டாவில் முயன்று பார்த்தாள். படம் இழுபட்டு, வாய் திறந்தபடியே நிற்கிற முகமாக இருந்தாளாம். மேலதிகாரி வெள்ளைக்காரி மரியாதையாகத்தான் கேட்டாளாம், உன் வீட்டில் இந்த நேரத்தில் மட்டும் என்ன நடக்கிறது என்று. மரியாதையாகக் கேட்டால்தான் பயப்பட வேண்டும்.

றெஜி வந்து பார்த்தான். பகலில் வந்தான், எல்லாம் பச்சை. "இப்ப நல்லாத்தானே இருக்கு ஐயா" என்றான். ரவுட்டரை மாற்றினான். மறுபடி வந்து வேறொரு வயரை மாற்றினான். லைன் பகலெல்லாம் நல்ல பிள்ளை. விளக்கு வைக்கிற நேரம் மட்டும் குழப்படி.

இவர் தானே குற்றவாளியைப் பிடிக்க இறங்கினார். இத்தனை வருடம் நட்டஈட்டுப் பிரிவில் இருந்தவரல்லவா. முதலில் சந்தேகம் பக்கத்து வீட்டு நபீஸில். "அந்த மனுசன் பின்னேரத்தில ஏசி போடுது. அதுதான் இழுக்குது." நபீஸ் பாவம், இவரைக் கூட்டிப்போய்த் தன் ஏசி பழுதாகிக் கிடப்பதைக் காட்டினார். அடுத்தது கடற்கரை ரயில். கந்தோர் விட்டு வருகிற ரயில் போகும்போது கட்டிடம் அதிர்கிறதாம். ஒரு நாள் ரயில்கள் ஓடவில்லை, வேலைநிறுத்தம். லைன் அன்றைக்கும் போனது. அதன் பிறகு உப்புக் காற்று. ரவுட்டரைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார், பிரிட்ஜுக்கு மேல் வைத்தார், என் தையல் மெஷினுக்கு மேலும் வைத்தார். நான் ஒரு பொருளை எடுக்கப் போனால் அங்கே அது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இருக்கும்.

காகக் கதையைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் பொழுதுபட்டால் காகங்கள் எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பின்னேரம் லைன் போனதும் இவருக்கு மூளையில் ஒன்று வெளித்தது. உடுப்புக் காயப்போடுகிற தடியைத் தூக்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து பல்கனிக்குப் பாய்ந்தார். வயரில் வரிசையாகக் காகம். "சூ! சூ! போ சனியனே!" உள்ளேயிருந்து சாருஜா கத்தினாள்: "வந்திட்டுது அப்பா!"

அவ்வளவுதான். அந்த மனிதரை இனி யார் பிடிப்பது? "காகம் மலர்! காகம் இருந்தா வயர் தொய்யுது!" அடுத்த நாள் பொழுதுபடும் முன்னமே தடியோடு காவல். எதிர்ப்பக்கக் கட்டிடத்தில் சனம் பல்கனிக்கு வந்து நின்று பார்த்தது. ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது. காகத்தையெல்லாம் கலைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, குளித்து, நிம்மதியாகப் பின்கதவைச் சாத்தி விளக்கை வைத்தார். லைன் போனது.

அன்றைக்குத்தான் சாருஜா அறையை விட்டு வெளியே வந்து, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் நின்று சொன்னாள்.

"அம்மா, எனக்கு இனி ஏலாது. கொட்டாஞ்சேனையில டில்ஷானி வீட்டு மேல்மாடி அறை சும்மா கிடக்குது. இந்த மாதம் முடியிறதுக்கிடையில லைன் சரிவரேல்லை எண்டா நான் அங்கை போய் இருக்கப்போறன்."

டில்ஷானி அவளோடு அதே கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை; கத்தோலிக்க வேதக்காரர், நல்ல சனம். அதுவல்ல விஷயம். இவருடைய முகம் வெளிறிப்போனது.

"கலியாணம் முடிக்காத பிள்ளை, தாய் தேப்பன் வெள்ளவத்தையில இருக்க, கொட்டாஞ்சேனையில அறை எடுத்து இருக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் வந்து என்ர மீட்டிங் செய்யுமே அப்பா?"

இவர் பிறகு குசினியில் என்னிடம் வந்து, நான் வெங்காயம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்று மெல்லச் சொன்னார்: "சனத்தை விடும். அவள் போனா எனக்கு இந்த வீட்டில என்ன கிடக்குது?" எனக்குச் சுருக்கென்றது. அப்போ நான் என்ன, பிரிட்ஜா? ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து மனிதர் இருந்த இடத்தில் இருந்ததில்லை. பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்கு லைன் வேண்டும். அதற்கு அவர் காவல் இருக்க வேண்டும். காலையில் அவள் கதவைத் தட்டுவார்: "லைன் இருக்கோ பிள்ளை?" பப்பாளி வெட்டிக்கொண்டு போய்த் தட்டுவார். ஃபானைக் கூட்டவா குறைக்கவா என்று தட்டுவார். அடித்த ஃபோனை அவள் எடுக்காவிட்டால், எடுக்கச் சொல்லித் தட்டுவார். ஒரு நாள் கூட்டம் வழக்கத்தைவிட முந்தித் தொடங்கிவிட, விளக்கு வைக்கப் புறப்பட்டவர் உள்ளே போய்விட்டார். வேட்டியும் வெறும் மேலும் நெற்றி நிறையத் திருநீறுமாக அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஹலோ, குட் ஆஃப்டர்நூன்! எனி பிராப்ளம் வித் த லைன்?" என்று லண்டன்காரரைக் கேட்டார். அவர்கள் கையசைத்தார்களாம். சிரித்தார்களாம். இவர் பெருமையோடு வந்து எனக்குச் சொன்னார். சாருஜா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே வரவில்லை.

மாத முடிவு வருவதற்குச் சில நாள் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் இவருடைய பெரியப்பாவின் மகன் தவறிப்போனார். இவர் ஓடிப்போய்க் காரியத்தில் நின்றுவிட்டு ஓடி வந்தார். பங்காளி வீட்டுச் சாவு, எங்களுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கென்றால் சாமித்தட்டுக்குத் திரை; விளக்கில்லை, கோயிலில்லை. பின்னேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இவர் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நடந்து திரிந்தார்.

அதிசயம் என்னவென்றால், லைன் போகவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, துடக்கு முழுவதும் போகவில்லை. பச்சை லைற் ஆடாமல் அசையாமல் நின்றது. மாத முடிவு வந்து போனது. சாருஜா கொட்டாஞ்சேனைப் பேச்சை எடுக்கவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் மேலிடத்துக்குப் போட்ட சத்தத்தில பயந்திட்டாங்கள்" என்று நபீஸுக்கும் சொன்னார், காவற்காரனுக்கும் சொன்னார், மீன்காரனுக்கும் சொன்னார். பிள்ளை போகமாட்டாள் என்ற நிம்மதியில் ஒரு முழுப் பத்திரிகையை இருந்துகொண்டு வாசித்ததை என் கண்ணால் கண்டேன்.

துடக்குக் கழிந்தது. வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமித்தட்டுத் திரையை எடுத்தோம். இவர் ஆசையோடு குளித்து வந்து விளக்கை வைத்தார். ஹோலில் சிவப்பு லைற்.

ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கோதாரி விழுந்த லைன்! திரும்பவும் தொடங்கிட்டுது!" என்று ரவுட்டரைத் தூக்கிக் குலுக்கினார். எனக்கு ஒன்று புதினமாக இருந்தது: சாருஜா கத்தவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் கொம்பியூட்டரைப் பார்த்து அமைதியாக இங்கிலிஷில் கதைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும் வெளியே வந்தாள்.

"வாற ஞாயிற்றுக்கிழமை நான் டில்ஷானி வீட்டை போறன் அம்மா. சொல்லிப்போட்டன்." அவ்வளவுதான். இவரைப் பார்க்கவில்லை.

அன்று நான் யோசித்தேன். துடக்கில் வராத வியாதி விளக்கு வைத்ததும் வருவதென்றால்? சாமிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன கோபம்? அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம் நான் வேண்டுமென்றே குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன். இவர் வந்தார். எங்கள் பின்கதவு கடற்காற்றில் ஊதிப்போன கதவு, லேசில் சாத்தாது. தோளால் ஒரு இடி இடித்து, கொண்டியை இழுத்துப் போட்டுவிட்டுச் சாமித்தட்டுக்குப் போனார். நான் குனிந்து பார்த்தேன். நிலையோடு வந்த அந்த வெள்ளை வயரைக் கதவு கடித்துப் பிடித்திருந்தது. ஹோலுக்கு ஓடினேன். சிவப்பு. குசினிக்கு ஓடி வந்து கொண்டியை எடுத்தேன். திரும்பப் போய்ப் பார்த்தேன். பச்சை.

"இஞ்சாருங்கோ! அதை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வாருங்கோ!"

"விசரே உமக்கு? பதிகம் முடியேல்லை."

"பதிகம் எங்கையும் ஓடாது. வாருங்கோ!"

அவரை ரவுட்டருக்கு முன்னால் நிறுத்தினேன். நான் கதவைச் சாத்தினேன். "சிவப்பு" என்றார். திறந்தேன். கொஞ்சம் பொறுத்து, "பச்சை" என்றார். திரும்பச் சாத்தினேன். இந்தத் தடவை அவர் மெல்ல நடந்து குசினிக்கு வந்து, வயரைப் பார்த்து, கதவைப் பார்த்து, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"நான்தானோ மலர்?"

"பின்னை ஆர், காகமே?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். றெஜிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவனும் சிரித்தான். அது கண்ணாடி நூலாம். உள்ளே ஓடுவது வெளிச்சமாம். நெரித்து மடித்தால் வெளிச்சம் நின்றுவிடுமாம். இரவில் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கும்போதும் நின்றுதான் இருக்கும், யார் பார்த்தது?

சனிக்கிழமை காலை காவற்காரனிடம் உளியொன்று வாங்கி வந்து, வயர் போகிற இடத்தில் நிலையைச் செதுக்கி அதற்குப் பள்ளம் எடுத்தார். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் நெடுநாள் பார்க்கவில்லை. கதவைச் சாத்திப் பார்த்தார், கொண்டி போட்டுப் பார்த்தார், இடித்துப் பார்த்தார். பச்சை. கையில் உளியோடு சாருஜாவின் அறைக்கு ஓடினார். தட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனார்.

"பிள்ளை! பிடிச்சிட்டன்! கதவு! கதவுதான்! எல்லாம் சரி, இனி நீ எங்கையும் போகத் தேவையில்லை!"

அவள் கட்டிலில் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கதவெண்டு எனக்குத் தெரியும் அப்பா."

"என்ன?"

"துடக்குக்க விளங்கினது. நீங்கள் கதவு சாத்தேல்லை, லைன் போகேல்லை. ஒரு நாள் நானே சாத்திப் பாத்தனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் சரியாக்கிப்போடுவியள். பிறகு நான் போறதுக்கு என்ன காரணம் சொல்லுறது?"

இவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னச் சாமானை எடுத்துக் காட்டினாள். தனியாக இன்டர்நெட் எடுக்கிற டொங்கிளாம். வாங்கி வைத்துப் பழக்கிவிட்டாள். லைன் போனாலும் அவளுக்கு இனிக் கவலையில்லை.

"லைன் இல்லாமலும் நான் வேலை செய்வன் அப்பா. நீங்கள் கதவைத் தட்டேக்கதான் ஏலாமக் கிடக்குது. லைன் இருக்கோ, சாப்பிட்டனியோ, ஆர் போன்ல, ஏன் முகம் வாடிக் கிடக்குது... நான் ஒண்டை யோசிச்சு முடிக்கிறதுக்கிடையில வந்திடுவியள். எனக்கு மூச்சு முட்டுது." மடித்து வைத்த சட்டையைத் திரும்ப விரித்தாள். "உங்களில கோவமில்லை. உண்மையாக் கோவமில்லை. இந்த ஒண்டைத்தான் எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் இருந்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற தகப்பனிடம் சொல்கிற கதையா என்று அவளிலும் வந்தது, சொல்ல வைத்துவிட்டாரே என்று இவரிலும் வந்தது. இவர் உளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஏதாவது கத்துவார் என்று பார்த்தேன். "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை இவர்தான் கீழே போய் ஓட்டோ பிடித்தார். "மல்லி, கொட்டஹேன கீயத?" என்று பேரம் பேசினார், கொட்டாஞ்சேனைக்கு எவ்வளவு தம்பி என்று. பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். வழி முழுக்க நான் சாருஜாவுக்கு முட்டை அவிக்கிற நேரம், மழைக்கு உடுப்பு எடுக்கிற நேரம் எல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். எனக்கே என் வாயை நிறுத்த முடியவில்லை.

டில்ஷானியின் தாய் றோஸி படியிறங்கி வந்து வரவேற்றார். மேல்மாடி அறை நல்ல காற்றோட்டம். ஜன்னலால் துறைமுகத்துக் கிரேன் தெரிந்தது. ஹோலில் மாதா சிலைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால் ரவுட்டர். வயரெல்லாம் சிக்கி ஒரு பந்தாகக் கிடந்தது. டில்ஷானி வெள்ளை மனதோடு சொன்னாள்:

"இங்கயும் லைன் அப்படித்தான் அங்கிள், விட்டு விட்டுத்தான் வரும்."

நான் இவரைப் பார்த்தேன். சாருஜாவும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவருடைய வலது கை எழும்பியது. ரவுட்டர் இருந்த பக்கம் பாதி தூரம் போனது. பிறகு அந்தக் கையை இழுத்து, மற்றக் கையால் பின்பக்கம் பிடித்துக்கொண்டார்.

"அப்பிடியே? சாருஜா பாத்துக்கொள்ளுவாள்" என்றார்.

தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். பிறகு புறப்பட்டோம். சாருஜா கேற் வரை வந்து, இவருடைய சேர்ட் கையைப் பிடித்துக்கொண்டு, "புதன்கிழமை வருவன் அப்பா" என்றாள். "வசதியைப் பாத்து வா" என்றார். வசதியைப் பார்த்து! இந்த மனிதர் வாயிலிருந்து!

ஓட்டோவில் திரும்பினோம். டிரைவர் எந்தப் பக்கம் திருப்பினாலும் இவர் வழி சொல்லிக் கொடுக்கவில்லை. கோட்டை தாண்டினோம். காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற கூட்டம். அதையும் பார்க்காமல் இருந்தார்.

"மலர்."

"ம்."

"நான் அவ்வளவு கரைச்சல் குடுக்கிறனோ?"

வேறொரு நாளென்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அன்றைக்கு எனக்கும் பொய் சொல்லத் தெம்பில்லை.

"ஓம்" என்றேன்.

தலையை ஆட்டினார். கொள்ளுப்பிட்டிவரை ஆட்டிக்கொண்டே வந்தார் போலிருந்தது. பிறகு கேட்டார்:

"அப்ப உமக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும். இவ்வளவு காலமும் நீர் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னனான். நான் சொல்லி முடிக்கிறதுக்கிடையில நீங்கள் எழும்பிப் போயிடுவியள்."

ஓட்டோவுக்குள் எழும்பிப் போக இடமில்லை. அவர் கால்களை ஒடுக்கிக்கொண்டு என் பக்கமாகத் திரும்பி இருந்தார்.

"இப்ப சொல்லும்" என்றார்.

பம்பலப்பிட்டி தாண்டும்வரை எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினேன்.